நாற்பத்தேழு கெடுதல்களும் ஒரு காலி இடமும்

அன்புக்கும் அவ்வப்போது அடிக்கும் உரிய என் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தான், உன் மருமகள் உருண்டை ஆகிய மூவரும் நலம். நலம் என்பது நம் கையில் இல்லாத சங்கதி என்று நீ அனுப்பிய புத்தகம் சொல்வதால் இதை ‘இந்த வரியை எழுதும் வரை நலம்’ என்று திருத்திப் படித்துக்கொள். உன் நலத்தையும் அதே திருத்தத்தோடு விரும்புகிறேன். வேளைக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு பைக்கில் போகாதே.

உன் கடிதமும் புத்தகமும் வந்து ஐந்து வாரமாகிறது, பதில் இப்போதுதான் வருகிறது என்று கோபித்துக்கொள்ளாதே. “போன்ல பேசினா நீ அழற, நீ அழுதா எனக்கு ஒரு வார்த்தையும் புரியல, அதனால எழுது, எழுதினா பாதி பயம் எழுத்துப்பிழை திருத்தறதுலயே போயிடும்” என்று சொன்னவன் நீதான். சொன்னபடியே எழுதுகிறேன். இந்த ஐந்து வாரத்தில் நடந்ததையெல்லாம் கேட்டால் நான் ஏன் தாமதம் என்று கேட்கமாட்டாய். இன்னும் எப்படி உயிரோடு இருக்கிறேன் என்றுதான் கேட்பாய்.

முதலில் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் என் இடத்தில் இரண்டு வருடமாகத் தற்காலிகமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண்தான், வேலையும் சுத்தம், அதுதான் எனக்குப் பயம். வரும் திங்கட்கிழமை நான் போய்ச் சேராவிட்டால் தற்காலிகம் நிரந்தரமாகிவிடும் என்று மேலாளர் கடிதம் அனுப்பிவிட்டார். நான் வேலைக்குப் போக வேண்டுமானால் உருண்டையை எங்காவது விட வேண்டும். நடந்து போகும் தூரத்தில் இருப்பது ஒரே ஒரு குழந்தைகள் காப்பகம். அதில் மூன்று மாதம் காத்திருந்து கிடைத்தது ஒரே ஒரு காலி இடம். அந்த இடத்துக்கும் எங்களுக்குப் பின்னால் இரண்டு குடும்பம் வரிசையில் நிற்கிறது. ஆக, காப்பகத்தில் இடம் உண்டு என்றால் எனக்கு வேலை உண்டு. இல்லை என்றால் பட்டம் வாங்கிய கையால் பால்புட்டி கழுவியபடி, அடுத்தவள் என் நுண்ணோக்கியில் கண் வைப்பதை நினைத்துப் பெருமூச்சு விட வேண்டியதுதான். இந்தக் கவலையில் நான் தூங்காமல் இருக்கிறேன் என்றுதானே நீ அந்த ஸ்டோயிக் தத்துவப் புத்தகத்தை அனுப்பினாய்? மூன்று தடவை படித்தேன். முதல் தடவை படிக்கும்போதே உருண்டை பதினாறாம் பக்கத்தைத் தின்றுவிட்டாள். ஆகையால் அந்தப் பக்கத்து ஞானம் மட்டும் எனக்கு இல்லை, அவளுக்கு உண்டு.

புத்தகத்தைக் குறை சொல்லமாட்டேன். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ரோமாபுரியில் எத்தனை தெளிவாக யோசித்திருக்கிறார்கள்! நடப்பது நம் கையில் இல்லை, நடப்பதை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது மட்டுமே நம் கையில் என்கிறார்கள். அடிமையாக இருந்தவரும் அதையே சொல்கிறார், நாட்டை ஆண்ட சக்கரவர்த்தியும் அதையே சொல்கிறார். படிக்கப் படிக்க நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் அந்தச் சக்கரவர்த்திக்குப் பிள்ளைகள் நிறைய என்று ஒரு வரி போட்டிருக்கிறது பார், அங்கே நின்றுவிட்டேன். அத்தனை பிள்ளைகளுக்கும் காலையில் சாக்ஸ் மாட்டிவிட்டது யார் என்று போடவே இல்லை. அந்த அம்மாள் ஒரு புத்தகம் எழுதியிருந்தால் கடன் வாங்கியாவது வாங்கியிருப்பேன். அவளுக்கு எழுத நேரம் ஏது, பாவம்.

முதல் பயிற்சி, ஒரு தாளில் நடுவே கோடு போட்டு ‘என் கையில் இருப்பது’, ‘என் கையில் இல்லாதது’ என்று பிரித்து எழுதுவது. உட்கார்ந்தேன். வலது பக்கம் மளமளவென்று நிறைந்து, பின்பக்கம் போய், அங்கேயும் இடம் போதாமல் ஓரத்தில் செங்குத்தாக எழுதினேன். இடது பக்கத்துக்கு மல்லாந்து படுத்து அரை மணி நேரம் யோசித்து ‘என் மூச்சு’ என்று எழுதினேன். எழுதி முடிக்கும் முன் உருண்டை தலையணையிலிருந்து குதித்து என் நெஞ்சின் மேல் உட்கார்ந்தாள். அந்த வரியையும் அடித்துவிட்டேன். உன் அத்தான் குளித்துவிட்டு வந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார்.

“இதுல என் பேரு எந்தப் பக்கம்?”

“ரெண்டு பக்கமும் இல்ல.”

“அப்ப நல்லதுதான்” என்று சொல்லி டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவரைப் பற்றி உனக்குத் தெரியாதா? லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மனிதர். இரண்டு மாடிக்கு நடுவில் ஆறு பேர் மாட்டிக்கொண்டு கத்தும்போது கதவுக்கு வெளியே நின்று, “பாத்துக்கலாம் சார், பாத்துக்கலாம்” என்று ஸ்குரூவைத் திருகிக்கொண்டிருப்பவர். அந்த ‘பாத்துக்கலாம்’ அவருக்கு வாயோடு ஒட்டிப் பிறந்தது. உருண்டைக்கு நூற்றிரண்டு டிகிரி ஜுரம் அடித்த அன்றும் பாத்துக்கலாம், வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிய அன்றும் பாத்துக்கலாம். புத்தகம் படிக்காமலே அவர் ஸ்டோயிக், புத்தகத்தைக் கரைத்துக் குடித்தும் நான் இப்படி என்றால் எனக்கு எப்படி இருக்கும்? அந்தப் பொறாமையிலேயே இரண்டாவது பயிற்சிக்குப் போனேன்.

அது, கண்ணை மூடிக்கொண்டு வானத்தில் மிதந்து மேலிருந்து நம்மையே பார்ப்பது. வீடு சின்னதாகும், தெரு சின்னதாகும், ஊர் ஒரு புள்ளியாகும், கவலை காணாமல் போகும் என்று போட்டிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். மிதந்தேன். கூரை தெரிந்தது. மொட்டை மாடி தெரிந்தது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மூடி திறந்து கிடப்பது தெரிந்தது. அதற்கு மேல் எப்படியடா மிதப்பது? திறந்த தொட்டித் தண்ணீரில் என்னென்ன முளைக்கும் என்று சம்பளம் வாங்கிக்கொண்டு எண்ணியவள் நான். எழுந்து ஓடினேன். படியில் மேல்வீட்டு ரிட்டயர்டு தபால்காரர் இறங்கி வந்தார்.

“ஏம்மா, இப்பத்தானே கண்ண மூடிக்கிட்டு சாமியார் மாதிரி உக்காந்திருந்தே? எங்க ஓடறே?”

“மேலேருந்து பாத்தேன் சார். தொட்டி மூடி திறந்திருக்கு.”

அவரும் என் பின்னாலேயே வந்தார். போய்ப் பார்த்தால் மூடி நிஜமாகவே திறந்துதான் கிடந்தது. அன்றிலிருந்து அந்த மனிதர் என்னைப் படியில் கண்டால் ஒதுங்கி நின்று கைகூப்புகிறார். போன வாரம், காணாமல் போன தன் மூக்குக்கண்ணாடி எங்கே இருக்கிறது என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

மூன்றாவது பயிற்சி, சுகத்தை நாமே விட்டுப் பழகுவது. ஆறிய உணவு உண்ண வேண்டுமாம், கடினமான இடத்தில் படுக்க வேண்டுமாம், அவ்வப்போது தூக்கத்தைத் தியாகம் செய்ய வேண்டுமாம். இதைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் உருண்டை பயந்துபோய் அழுதாள். இரண்டு வருடமாக நான் சூடாக ஒன்றும் சாப்பிட்டதில்லை. கட்டில் விளிம்பில் ஒரு சாண் இடத்தில், அவள் குதிகாலை என் விலா எலும்பில் வாங்கிக்கொண்டு படுத்திருக்கிறேன். அந்தப் பெரியவர்கள் முயன்று முயன்று ஏறிய மலை உச்சியில் நான் ஏற்கெனவே துவைத்த துணியை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான்காவது பயிற்சிதான் என் குடியைக் கெடுத்தது. தினமும் காலையில் எழுந்ததும், இன்று என்னென்ன கெடுதல் நடக்கக்கூடும் என்று ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். முன்னாலேயே பார்த்துவிட்டால் அது வரும்போது அதிர்ச்சி இருக்காது. தம்பி, இதை நீ எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாயா? மீனுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க ஆள் வைத்த கதையாக இருக்கிறது! நீ பரீட்சை எழுதப் போன அன்று பேனா மூடி தொண்டையில் சிக்கும் என்று மூடியில்லாத பேனா கொடுத்தனுப்பியவள் யார்? அது சட்டைப்பையில் கசிந்து நீ நீலமாக வந்தது வேறு விஷயம். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பிடித்த ஒரு பாடத்தில் வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்கள் என்று உட்கார்ந்துவிட்டேன். காப்பகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று நாள் காலை எழுதினேன். மொத்தம் நாற்பத்தேழு கெடுதல் தேறியது. ஆய்வகப் பழக்கம் விடுமா? வரிசை எண், நிகழக்கூடியது, வாய்ப்பு என்று கட்டம் போட்டு, எதிரே அதிகம், நடுத்தரம், குறைவு என்று மூன்றிலொன்றைக் குறித்து, அடியில் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

உனக்கு ஒன்றிரண்டு மாதிரி காட்டுகிறேன். ஏழு: காப்பகத்தை நடத்தும் பெரிய டீச்சருக்குக் கண் சரியாகத் தெரியாமல் இருக்கலாம், கண்ணாடியை நெற்றியில் போட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடுகிறார். வாய்ப்பு அதிகம். பன்னிரண்டு: சின்ன டீச்சர் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது குழந்தை எதையாவது விழுங்கலாம். அதிகம். பத்தொன்பது: வாசல் கேட்டின் தாழ்ப்பாள் குழந்தைகள் உயரத்தில் இருக்கிறது, திறந்துகொண்டு தெருவுக்கு வரலாம். அதிகம். முப்பத்தொன்று: குடிநீர் வடிகட்டியை மாற்றி எத்தனை மாதமோ, யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். இதற்கு மட்டும் மிக அதிகம். முப்பத்தெட்டு: கூரை இடிந்து விழலாம். குறைவு, ஆனால் மழை பெய்தால் நடுத்தரம். இப்படியே போய் நாற்பத்தேழாவதில் முடிகிறது. அதை அப்புறம் சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை காப்பகத்தில் சேர்க்கை விவரம் கொடுக்க வேண்டிய நாள். படிவத்தோடு கூட, ‘உங்கள் குழந்தையைப் பற்றி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை ஒரு தாளில் உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதித் தரவும்’ என்று கேட்டிருந்தார்கள். அதையும் எழுதினேன், முத்து முத்தாக. உருண்டை பாட்டுப் பாடினால் தூங்குவாள், பாட்டை நிறுத்தினால் எழுந்துவிடுவாள், யாரைப் பார்த்தாலும் சிரிப்பாள், இப்படி அழகாக ஒரு பக்கம். இதுவும் அந்தக் கெடுதல் பட்டியலும் ஒரே ஆய்வகத் தாள், இரண்டையும் நான்காக மடித்து ஒரே பையில் வைத்திருந்தேன். மீதியை நான் சொல்லவே வேண்டாம். ஆனாலும் சொல்கிறேன். சாயங்காலம் வீட்டில் பையைக் கவிழ்த்தபோது நல்ல தாள் என் மடியில் விழுந்தது.

உன் அத்தான் அதை வாங்கிப் படித்தார்.

“நல்லாத்தானே எழுதியிருக்க. இத ஏன் குடுக்கல?”

“குடுத்துட்டேன்னுதான் நெனச்சேன்.”

“அப்ப அங்க போனது?”

“நாப்பத்தேழு.”

குடிநீர்க் குடுவையை எடுத்து வாயை எடுக்காமல் முழுவதையும் குடித்துவிட்டு, “பாத்துக்கலாம்” என்றார்.

எப்படிப் பார்த்துக்கொள்வது? ஓடிப்போய்த் தாளை வாங்கிவிடலாம் என்றால் காப்பகம் பூட்டியிருந்தது. மறுநாள் போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. சனிக்கிழமை அவர்களே கூப்பிட்டார்கள். பெரிய டீச்சர் குரல். “திங்கக்கிழமை பத்து மணிக்கு வாங்கம்மா. உங்க பேப்பர் பத்திப் பேசணும்.” அவ்வளவுதான், டக்கென்று வைத்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்டோயிக்காக இருக்க முயன்றேன் என்பதற்கு உன் மருமகளே சாட்சி. மூச்சை இழுத்து, “இந்த இடம் போனா போகட்டும், அது என் கையில இல்ல” என்று நூறு தடவை சொன்னேன். நூற்றியோராவது தடவை சொல்லும்போது சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். உருண்டை என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஏதோ புது விளையாட்டு விளையாடுகிறேன் என்று அவளும் சேர்ந்து அழுதாள். என்னைவிட நன்றாக அழுதாள்.

திங்கட்கிழமை போனேன். பெரிய டீச்சரின் அறை என்றால் அறை இல்லை, பொம்மை அலமாரிக்கும் கை கழுவும் தொட்டிக்கும் நடுவே ஒரு மேஜை. மேஜை மேல் என் தாள், அதில் பச்சை மையில் என்னென்னவோ குறிகள். என்னை உட்காரச் சொன்ன நாற்காலி மூன்று வயதுக் குழந்தைக்கானது. முழங்கால் இரண்டும் முகவாயைத் தொட்டன.

“சௌகரியமா உக்காருங்க. பெரிய நாற்காலி ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு உடஞ்சு போச்சு, இன்னொண்ணுல நான் இருக்கேன்.”

“மேடம், அந்தப் பேப்பர் தெரியாம வந்துடுச்சு.”

“தெரியாமயா? கையெழுத்து, தேதி எல்லாம் போட்டிருக்கீங்களே.”

“கையெழுத்து என்னோடதுதான். ஆனா எண்ணம் என்னோடது இல்ல. ஒரு புத்தகத்துல காலையில கெட்டத நெனைக்கணும்னு...”

“எந்தப் புத்தகம்மா என் கண்ணாடி நெத்தியில இருந்தத பாத்துச்சு?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிய இடமில்லை, முழங்கால் இடித்தது. அவர் உள்ளே பார்த்து, “இங்க வாம்மா, பன்னண்டாம் நம்பர்!” என்று கூப்பிட்டார். சின்ன டீச்சர் வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, முகத்தில் கடுகு போட்டால் பொரியும்.

“போன் எங்கன்னு சொல்லு.”

“பிஸ்கட் டப்பால.”

“எப்பலேருந்து?”

“சனிக்கிழமையிலேருந்து. இந்தக்கா புண்ணியத்துல.”

“போ, போய்ப் புள்ளைங்களப் பாரு” என்று அவளை அனுப்பிவிட்டு, பெரிய டீச்சர் தாளை என் பக்கம் திருப்பினார். அப்போதுதான் குறிகள் புரிந்தன. சில எண்களைச் சுற்றி வட்டம், சில எண்கள் மேல் பெருக்கல் குறி.

“வட்டம் போட்டது நான் செய்யக்கூடியது. பெருக்கல் போட்டது யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாதது. கூரைக்கு முதல்ல பெருக்கல் போட்டேன், அப்புறம் ராத்திரி யோசிச்சுப் பாத்துட்டு அதையும் வட்டமாக்கி, கொத்தனாருக்குச் சொல்லியிருக்கேன். பத்தொன்பதாம் நம்பர் தாழ்ப்பாள், பத்து வருஷமா தினம் நான்தான் திறக்கறேன், என் கண்ணுல படல. நேத்து வெல்டிங்காரர் வந்து மேல ஏத்திட்டார். இப்ப சின்ன டீச்சருக்கே எட்டல, எம்பி எம்பிக் குதிக்கறா. அதுக்கும் சேத்து உங்க மேல கோபம்.”

“மேடம், நீங்க என் மேல கோபமா இல்லியா?”

“வியாழக்கிழமை பூரா கோபம். வாசிச்சு முடிச்சதும் உங்களுக்கு அடுத்து வரிசையில இருக்கறவங்களுக்குப் போன் போடக் கையில எடுத்துட்டேன். அப்புறம் பாத்தா, அடுத்த வாரம் உரிமம் புதுப்பிக்க அதிகாரி வர்றார். அவர் வந்து என்னென்ன கேப்பாரோன்னு ஒரு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல. அவர் கேக்கப்போறது பூராவும் இதுல இருக்கு, கூடவே அவருக்குத் தோணாததும் இருக்கு.” குனிந்து, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் முன் வைத்தார். “முப்பத்தொண்ணு. வடிகட்டித் தண்ணி. இதுக்கு நான் வட்டம் போட முடியாது, நீங்கதான் போடணும். வேலைக்குப் போற அன்னிக்கு எடுத்துட்டுப் போய்ச் சோதிச்சுச் சொல்லுங்க.”

நான் பாட்டிலைப் பார்த்தேன். “வேலைக்குப் போற அன்னிக்கா?”

“ஏன், வர்ற திங்கக்கிழமைதானே சேரணும்னீங்க? செவ்வாய், புதன், வியாழன் மூணு நாள் ரெண்டு ரெண்டு மணி நேரம் விட்டுப் பழக்குவோம். பத்திலேருந்து பன்னண்டு.”

தம்பி, அந்தக் குட்டி நாற்காலியிலிருந்து நான் எழுந்திருக்க முயன்றேன், நாற்காலியும் கூடவே எழுந்து வந்தது. பெரிய டீச்சர் வந்து அதைப் பிடித்து இழுத்தார். இழுக்கும்போதுதான் கேட்டார், நாற்பத்தேழைப் பற்றி.

அதை உனக்கு இப்போது சொல்கிறேன். ‘அவள் என்னைத் தேடாமலே இருந்துவிடலாம்.’ இவ்வளவுதான் எழுதியிருந்தேன். வாய்ப்புக் கட்டம் காலி. நாற்பத்தாறு வரை அதிகம், குறைவு என்று அளந்தவளுக்கு அந்த ஒன்றில் பேனா நகரவில்லை. பச்சை மையும் அங்கே ஒன்றும் இல்லை.

“இதுக்கு வட்டமா பெருக்கலான்னு எனக்கும் தெரியலம்மா” என்றார். “என் பையன் வேற ஊர்ல வேலைக்குப் போய் ஆறு வருஷம். நான் இன்னும் இத எழுதக்கூட இல்ல. நீங்களாவது எழுதிட்டீங்க.” அப்புறம் உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டு, “யாருடா அது!” என்று கத்திக்கொண்டே ஓடிவிட்டார். நானும் வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை முதல் நாள். நான் இரவெல்லாம் ஒத்திகை பார்த்தேன்: அவள் அழுவாள், என் காலைக் கட்டிக்கொள்வாள், நான் மலை மாதிரி நின்று, “அம்மா வருவேன்டா கண்ணு” என்று சொல்லிப் புன்னகையோடு திரும்பி நடப்பேன். நடந்தது என்ன? கேட் திறந்ததும் உருண்டை என் கையை உதறிவிட்டு உள்ளே ஓடினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேட்டுக்கு வெளியே காலைக் கட்டிக்கொண்டு அழுதது நான்தான், கட்டிக்கொள்ளக் கேட் கம்பிதான் கிடைத்தது. பன்னிரண்டு மணிக்குச் சின்ன டீச்சர் அவளைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, பழி தீர்க்கிறாளா ஆறுதல் சொல்கிறாளா என்று தெரியாத குரலில், “அழவே இல்லக்கா. உங்கள ஒரு தடவகூடக் கேக்கல” என்றாள். எல்லா அம்மாவும் கேட்க ஆசைப்படும் சேதி! எனக்கு நாற்பத்தேழாம் எண்ணில் யாரோ ‘மிக அதிகம்’ என்று எழுதின மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்தோம். உருண்டை வாசலில் உட்கார்ந்து தன் செருப்பைத் தானே கழற்றினாள், அதற்குப் பத்து நிமிடம் ஆயிற்று. கழற்றி, இரண்டையும் சுவரோரமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடது செருப்பின் தலையைத் தடவினாள். “அயாத. அம்மா வதுவா. இங்கயே உக்காந்திது” என்றாள். அப்புறம் வலது செருப்புக்கும் அதையே சொன்னாள். இரண்டு மணி நேரமும் யாரையும் கேட்காமல் தனக்குத்தானே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள் தம்பி, என் இரண்டேகால் வயதுப் பிள்ளை. பதினாறாம் பக்கம் வேலை செய்கிறது. நான் சமையலறைக்குள் போய், இந்தத் தடவை சத்தம் வராமல் அழுதேன். துக்கத்தில் இல்லை.

நேற்று இன்னும் சுலபம். இன்று மூன்றாம் நாள். நடப்பது என் கையில் இல்லை, சரி. ஆனால் நாற்பத்தேழில் இருபத்தொன்பதுக்கு வட்டம் விழுந்திருக்கிறது, நான் எண்ணிப் பார்த்தேன். இத்தனை வருடம் என் பயத்துக்கு எல்லோரும் ‘சும்மா இரு’ என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். அதை வாங்கி வைத்துக்கொண்டு வெல்டிங்காரரைக் கூப்பிட்ட முதல் ஆள் அந்த அம்மாள்தான். மீதி பதினேழு என்ன செய்யுமோ செய்யட்டும், அந்த நாற்பத்தேழாவதும் காலியாகவே கிடக்கட்டும். திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகிறேன். தற்காலிகப் பெண்ணுக்கு அடுத்த பிரிவில் இடம் கொடுத்துவிட்டார்களாம், அந்தக் கவலையும் ஒழிந்தது. இப்போது மணி பதினொன்றரை. ஜன்னலோரம் அமர்ந்து, காற்று வாங்கிக்கொண்டு, குளத்து நீர் மாதிரி அசையாத மனதோடு இதை எழுதுகிறேன். உன் அக்கா தேறிவிட்டாள். புத்தகத்தைத் திருப்பி அனுப்பவா, இன்னும் யாருக்காவது தேவைப்படுமா?

நீ நீண்ட நாள் வாழ்ந்து, நல்ல பெண்ணாகப் பார்த்துக் கட்டி, சாக்ஸ் மாட்டிவிட வேண்டிய பிள்ளைகள் பலரைப் பெற்று, அதன் பிறகும் இதே தத்துவத்தைப் பேசும் வரம் உனக்குக் கிடைக்க வேண்டும் என்று மனமார ஆசீர்வதிக்கிறேன். அம்மாவிடம் நான் அழுததில் பாதியை மட்டும் சொல். உன் அத்தான் ‘பாத்துக்கலாம்’ என்று சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
எதற்கும் கலங்காத
உன் அக்கா

பின்குறிப்பு: ஜன்னலோரம் என்று எழுதினேனே தவிர, எந்த ஜன்னல் என்று சொல்லவில்லை. இது காப்பகத்துக்கு நேர் எதிரே முதல் மாடியில் இருக்கும் தையற்கடையின் ஜன்னல். மூன்று நாளாகப் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை இங்கேதான் இருக்கிறேன். தைக்கக் கொடுத்த துணி என்னவோ ஒரே ஒரு கைக்குட்டை. தையற்கார அம்மாள் நல்ல மனுஷி, ஸ்டூல் போட்டுக் கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் இப்போது, மேலே கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது கேட்டார்.

“ஏம்மா, கீழ ஜெராக்ஸ் கடையில ஒரு ஆளு ஹெல்மெட்டக் கழட்டாமயே நிக்கறான் பாரு. உன்ன மாதிரியே மூணு நாளா வர்றான். ஒரே லைசென்ஸ திருப்பித் திருப்பி ஜெராக்ஸ் எடுக்கறானாம், கடைக்காரர் சொன்னாரு. கண்ணு பூரா அந்தக் காப்பகத்து கேட்டு மேலயே இருக்கு. போலீசுக்குச் சொல்லிடலாமா?”

எட்டிப் பார்த்தேன். முதுகில் லிஃப்ட் கம்பெனியின் பெயர் போட்ட சட்டை. காலையில் நான் இஸ்திரி போட்டுக் கொடுத்ததுதான். வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன மனிதர். கையில் ஒரு கட்டுத் தாள், அத்தனையிலும் அவர் முகம். கேட்டுக்குள் ஏதோ குழந்தை வீறிடுகிறது, அது நம் குழந்தை குரல் இல்லை என்று எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, இரண்டடி முன்னால் வந்து, நின்று, திரும்பிப் போய் இன்னொரு காப்பி எடுக்கச் சொல்கிறார்.

இந்தக் கடிதத்தை அனுப்பும் முன் எனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று தோன்றுகிறது. கீழே போகிறேன். கடையில் எனக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் நிற்கிறார், பன்னிரண்டு மணிவரை அவர் பக்கத்தில் காத்திருப்பதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.